கோட்டைச் சுவரில் தொங்கிய பெட்டி

பிள்ளைகளே, கோட்டை என்று சொன்னால் உங்களுக்கு ராஜாவும் வாளும் குதிரையும் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டில் கோட்டை என்றால் காபியும் பேரீச்சம்பழமும்தான். அதற்கு முழுக் காரணம் நான்.

நான் வளைகுடாவில் புஜைரா என்கிற ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். என் மனைவி ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். இந்தக் கதை நடந்தபோது அவள் ஆறாம் வகுப்பு. இங்கே லீவு நாள் வந்தால் எல்லாரும் பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப்போவார்கள். எங்கள் மகளுக்கு மால் என்றாலே கொட்டாவி வரும். அவளுக்குக் கோட்டைதான் வேண்டும். ஊருக்குள்ளேயே குன்றின் மேல் இருக்கிற மண் கோட்டையை அவள் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாள் என்று எனக்கே கணக்கில்லை. அல் ஐன் வரைக்கும் வண்டியை விட்டுக்கொண்டு போய் அங்கே இருப்பதையும் பார்த்திருக்கிறோம்.

இந்தப் பக்கத்துக் கோட்டைகளில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. சில கோட்டைகளில் வருகிறவர்கள் உட்காருவதற்கு மஜ்லிஸ் என்று ஓர் அறை வைத்திருப்பார்கள். சுவர் ஓரமாகக் கம்பளம், சாய்ந்துகொள்ளத் திண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, சலாம் சொல்லி உட்கார வேண்டியதுதான். யார், எவர், எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். பேரீச்சம்பழத்தட்டு வரும். பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் காவா என்கிற அரபிக் காபி வரும். குடித்து முடித்ததும் கிண்ணத்தை விரலில் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்ட வேண்டும். ‘போதும்’ என்று அர்த்தம். ஆட்டவில்லை என்றால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இது தெரியாத முதல் நாளில் நான் மரியாதைக்காக ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டு, அன்று இரவு முழுக்கப் படுக்கையில் விழித்துக்கொண்டு ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

மகளுடைய பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அவள் கோட்டை செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். பள்ளி நூலகப் புத்தகம் ஒன்றில் சைப்ரஸ் தீவின் சதுரக் கோட்டை ஒன்று இருந்தது. அதுதான் வேண்டும் என்றாள். பேரீச்சம்பழ அட்டைப்பெட்டியை வெட்டி, நானும் அவளும் விரலெல்லாம் பசையாக உட்கார்ந்து செய்தோம். படத்தில் கோட்டையின் கீழ்ப்பகுதியை மரங்கள் மறைத்திருந்தன, சுவரின் உச்சியில் சின்னதாக ஒரு கல் பெட்டி வெளியே துருத்திக்கொண்டு தொங்கியது.

“இது என்ன பாப்பா, ஏசி மாதிரி இருக்கு?”

“ஐயோ அப்பா! எனிமி வந்தா மேலேர்ந்து ஹாட் ஆயில் ஊத்துவாங்க. அதுக்குத்தான்.”

நானும் அதை ஒட்டிவிட்டேன்.

கண்காட்சி அன்று, எங்கள் பில்டிங்கிலேயே இரண்டாவது மாடியில் இருக்கிற பையன், அவள் வகுப்புத்தோழன், கோட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது டாய்லெட்!” என்று கத்தினான். பழைய கோட்டைகளில் கக்கூஸைச் சுவருக்கு வெளியேதான் தொங்கவிட்டுக் கட்டுவார்கள், நான் வீடியோவில் பார்த்தேன் என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை, அப்படியும் கட்டியிருக்கிறார்கள். டீச்சர், “ரெண்டுமே உண்டு, இது எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் வகுப்பு சும்மா விடுமா? மறுநாளிலிருந்து என் மகளுக்கு ‘டாய்லெட் குவீன்’ என்று பெயர்.

உங்களுக்குத் தெரியும், பட்டப்பெயர் என்பது சட்டையில் விழுந்த மாங்காய்ப்பால் கறை மாதிரி. துவைத்தாலும் போகாது. அவள் சாயங்காலம் கீழே விளையாடப் போவதை நிறுத்தினாள். லிஃப்ட்டில் அந்தப் பையன் இருந்தால் படியில் ஏறி வந்தாள். வகுப்பில் கையைத் தூக்குவதே இல்லை என்று டீச்சர் என் மனைவியிடம் சொன்னார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, “அப்பா, நேர்ல போய்ப் பார்த்துட்டு வரலாமா?” என்று கேட்டாள்.

“எதை?”

“அந்த பாக்ஸை.”

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒரு கக்கூஸப் பார்க்கிறதுக்குப் பிளேன் ஏறணுமா?”

“கக்கூஸ் இல்லம்மா! ஆயில் பாக்ஸ்!”

விசாரித்தால், சைப்ரஸுக்குப் பறக்கிற நேரமும் ஊருக்குப் பறக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. விசாவுக்கு அலைந்து, பள்ளி விடுமுறையில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். ‘எங்கே போற பாய்?’ என்று கிடங்கில் கேட்டவர்களிடம், ‘மகளுக்கு ஒரு சந்தேகம், தீர்த்து வைக்கப் போறேன்’ என்றேன். எவனும் நம்பவில்லை.

தீவில் இறங்கியதும் என் மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லார்னகாவில் கடற்கரையோரமாகவே ஒரு கோட்டை. பீரங்கிக்குள் தலையை விட்டு, “ஹலோ, யார் உள்ள?” என்று கேட்டாள். பாஃபோஸ் என்கிற ஊரில் பழைய காலத்து அரண்மனை என்று கூட்டிப்போனார்கள். சுவர் முழங்கால் உயரம்தான் மிச்சம், கூரையைக் காணோம். ஆனால் தரை முழுக்கச் சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்து மானும் மீனும் மனிதர்களுமாகச் செய்து வைத்திருந்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இவ்வளவு பெரிய தரையை எவ தொடச்சிருப்பா, பாவம்” என்றாள். அப்புறம் துறைமுகத்து முனையில் ஒரு குட்டிக் கோட்டை. அதன் மொட்டைமாடியில் காற்று அடித்த அடியில் என் தொப்பி கடலுக்குள் போய்விட்டது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியும் சேர்ந்து சிரித்தார்கள்.

சதுரக் கோட்டையைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தாள் மகள். பிடித்த பலகாரத்தைக் கடைசியில் சாப்பிடுவாள் அவள், அந்தக் கணக்கு. மறுநாள் காலையில் எங்களுக்கு விமானம். லிமசோல் நகரத்திலிருந்து பஸ் பிடித்து, திராட்சைத் தோட்டங்களும் ஆரஞ்சுத் தோட்டங்களும் தாண்டி இறங்கினோம். பஸ் நிறுத்தத்திலிருந்தே தெரிந்தது. பழுப்புக் கல்லில், நிமிர்ந்து நிற்கிற தீப்பெட்டி மாதிரி கோட்டை. உச்சியில் அந்தப் பெட்டி!

“அப்பா! இருக்கு! இருக்கு!” என்று குதித்தாள். “வாங்க, வாங்க!”

அப்போதுதான் நான் அந்த வீட்டைப் பார்த்தேன். அப்போது அது வீடு என்று எனக்குத் தெரியாது. கோட்டைக்குப் பக்கத்திலேயே, அதே பழுப்புக் கல்லில், வளைவு வைத்த வாசல். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே முற்றத்தில் சுவர் ஓரமாக நாற்காலிகள். ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தட்டில் சின்னச் சின்னக் காபிக் கோப்பைகள் போய்க்கொண்டிருந்தன.

“ஆகா, மஜ்லிஸ்!” என்றேன்.

“அப்பா, ஃபர்ஸ்ட் பாக்ஸ்! அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க!”

“இன்னும் நேரம் இருக்கு தங்கம். கோட்டை எங்கயும் ஓடிடாது. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? முதல்ல காவா, அப்புறம் கோட்டை. யல்லா, வாங்க.”

வாசலில் ஷூவைக் கழற்றி வைத்தோம். நெஞ்சில் கை வைத்து, “சலாம் அலைக்கும்” என்று சத்தமாகச் சொல்லி உள்ளே போனேன். எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள், எங்கள் காலுறைகளைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்த ஒரு குண்டு அம்மா எழுந்து வந்து, சிரித்து, நாற்காலியைக் காட்டினார். பார்த்தாயா என்று நான் மகளைப் பார்த்தேன். உட்கார்ந்தோம்.

முதலில் குட்டித் தட்டில் ஆளுக்கு ஒன்றாக, சீனிப்பாகில் ஊறிய கறுப்புக் காய் வந்தது. முழு வால்நட்டைத் தோலோடு பாகில் போட்டது என்று பிறகு தெரிந்தது. என்ன இனிப்பு! அப்புறம் காபி. நம் காவா மாதிரி இல்லை. கறுகறுவென்று, அடியில் வண்டல் தேங்கி நின்றது. குடித்து முடித்தேன். பழக்கதோஷத்தில் கோப்பையைப் பிடித்து நன்றாக ஆட்டினேன், போதும் என்று.

அந்த அம்மா, “ஆ!” என்றார். சந்தோஷமாக என் கையிலிருந்து கோப்பையை வாங்கித் தட்டில் கவிழ்த்தார். எல்லாரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

“என்ன பாப்பா நடக்குது?” என்றேன்.

மகள் அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்பா, இங்க கப்பை ஷேக் பண்ணி கவுத்தா, ஃபார்ச்சூன் பாருங்கன்னு அர்த்தமாம். அவங்க உங்களுக்கு ஜோசியம் பார்க்கப் போறாங்க!”

அந்த அம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி, கோப்பையை நிமிர்த்தி, உள்ளே ஒட்டியிருந்த வண்டலை உற்றுப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். “உங்களுக்கு நிறைய ஆடு வருமாம்.”

“ஆடா? புஜைராவில ஃபிளாட்ல எங்க கட்டுறது?” என்றாள் என் மனைவி.

“வெயிட் போடுவீங்களாம்.”

“அதுக்கு எதுக்குக் கோப்பை? என்னைக் கேட்டா நானே சொல்லுவேனே.”

மகள் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். முற்றமே சிரித்தது. என்னையும் தொற்றிக்கொண்டது. இந்த நேரத்தில்தான் என் மனைவி மெல்ல என் விலாவில் இடித்தாள்.

“ஏங்க, அங்க கொடியில பாருங்க.”

முற்றத்து மூலையில் துணிக்கொடி. அதில் வரிசையாக ஜட்டி.

“கோட்டையில யாரு ஜட்டி காயப்போடுவாங்க? ராஜா காலத்து ஜட்டி மாதிரியும் தெரியலையே.”

நான் அப்போதுதான் சரியாகச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் கல்யாண போட்டோ. ஜன்னலுக்குள்ளே டிவியில் ஃபுட்பால். படியில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். பிள்ளைகளே, எனக்குக் காது சூடாகிவிட்டது. நாங்கள் யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் பலகாரம் சாப்பிட்டு, ஜோசியமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகள் விஷயத்தைச் சொன்னாள். எங்கள் ஊர்க் கோட்டைகளில் இப்படித்தான், உட்கார்ந்தால் காபி தருவார்கள், அப்பா அப்படி நினைத்துவிட்டார் என்று. அந்த அம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருமகனுக்கு இன்று விசேஷ நாள், வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப மாட்டோம் என்று இன்னொரு தட்டு எடுக்கப் போனார். நான் வேண்டாம் என்று சொல்வதற்காகக் கையைத் தூக்கியவன், ஆட்டாமல் அப்படியே நிறுத்திக்கொண்டேன். கையை ஆட்டினால் இங்கே என்ன அர்த்தமோ!

அப்போது மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பெல்லாம் முகத்திலிருந்து வடிந்தது.

“அப்பா. அஞ்சாகப் போகுது.”

வாசலில் கால் நுழைந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மகள் முன்னால், நான் நடுவில், கைப்பையை அணைத்துக்கொண்டு மனைவி பின்னால். கோட்டை வளாகத்தின் கேட்டில் ஒல்லியாக ஒரு காவலர், கையில் சாவிக்கொத்து.

“க்ளோஸ்ட்,” என்றார். “டுமாரோ.”

நாளைக்கு நாங்கள் இங்கே இருக்க மாட்டோம் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கினார். அவள் இரண்டு கையாலும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே அந்தப் பெட்டியைப் பார்த்தாள். காபி காபி என்று உட்கார்ந்த என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கிடங்கில் பேசுகிற பாஷைதான் வாயில் வந்தது. “பாய், ஃபைவ் மினிட். சோட்டா பச்சி. ப்ளீஸ் பாய்.” சின்னப் பிள்ளை என்று கெஞ்சினேன், அவருக்கு இந்தி எங்கே தெரியப் போகிறது?

அப்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிற சத்தம். அந்தக் குண்டு அம்மா மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் என் ஷூக்கள். குனிந்து என் காலைப் பார்த்தேன். யாருடையதோ, படகு மாதிரி இரண்டு செருப்பு. அவர் மருமகனுடையதாம்.

எங்களையும் பூட்டிய கேட்டையும் பார்த்தவர், காவலரிடம் கிரேக்க மொழியில் பொரிய ஆரம்பித்தார். பேசும்போது என் ஷூ அவர் கையில் மேலும் கீழும் ஆடியது. காவலர் ஒரு அடி பின்னால் போனார். அப்புறம் இன்னொரு அடி. அப்புறம் சாவியை எடுத்தார்.

“வாட் டிட் யூ சே?” என்று மகள் கேட்டாள்.

அந்த அம்மா சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாள். “இவர் அவங்க தங்கச்சி ஹஸ்பண்டாம்! திறக்கலைன்னா சண்டே லஞ்சுக்கு வர வேண்டாம்னு சொன்னாங்களாம்!”

உள்ளே ஓடினோம். நான் ஷூவை மாட்டிக்கொண்டு படி ஏறப் போனேன். மகள் கையை நீட்டி நிறுத்தினாள்.

“நீங்க வரக்கூடாது. நீங்கதான் எனிமி. கீழே கதவுகிட்ட நில்லுங்க. வீடியோ எடுங்க.”

காவலரும் அவளும் என் மனைவியும் சுழல்படியில் ஏறினார்கள். சங்குக்குள் ஏறுகிற மாதிரி குறுகலான படியாம். “எனக்குத் தலை சுத்துது, இவ என்னடான்னா ஆடு மாதிரி தாவுறா” என்று மனைவியின் குரல் ஒவ்வொரு மாடி ஜன்னல் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. நான் எதிரியாக வாசல்படியில் நின்றேன். அந்த அம்மா எனக்குத் துணைக்கு நின்றார். நிமிர்ந்து போனைப் பிடித்தேன். உச்சியில் அந்தப் பெட்டி. அதன் அடியில் ஓட்டை! வானம் தெரிந்தது. பிறகு வானம் மறைந்து ஒரு மூக்கு தெரிந்தது.

“அப்பா! உங்க வழுக்கை தெரியுது!”

“ஓட்டை இருக்கு பாப்பா! ஜெயிச்சாச்சு!”

மூக்கு போய் ஒரு கண் தெரிந்தது. பிறகு கவலையான குரல். “அப்பா, டாய்லெட்லயும் ஓட்டை இருக்குமே.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆமாம், இருக்கும். கழுத்து வலிக்க மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். மறுபடி மேலே பார்த்தேன். நான் நிற்பது வாசல்படி. என் தலைக்கு நேர் மேலே ஓட்டை. சிரிப்பு என் வயிற்றிலிருந்து கிளம்பியது.

“ஏ பாப்பா! நான் எங்க நிக்கிறேன்? வாசல்ல! எந்த மடையனாவது தலைவாசலுக்கு நேர் மேல கக்கூஸ் கட்டுவானா? விருந்தாளி வந்தா என்ன ஆகுறது?”

அப்புறம் மேலே மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் அந்தப் பெட்டி வழியாக வாளியிலிருந்து கொட்டுகிற மாதிரி என் மேல் கொட்டியது. மகள் மொழிபெயர்த்திருக்க வேண்டும், காவலரின் சிரிப்புதான் அதில் பெரிது. ஆமாம், வாசலை உடைக்க வருகிறவன் தலையில் கொதிக்கிற எண்ணெயும் வெந்நீரும் ஊற்றத்தான் இது என்று அவரும் அவளிடம் சொல்லிவிட்டார்.

“அப்பா! அங்கிள் கொஞ்சம் தண்ணி ஊத்திப் பார்க்கலாம்னு சொல்றார்! ரெடியா?”

“வேண்டாம் பாப்பா, போன் நனைஞ்சி...”

சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. பாட்டில் தண்ணீர்தான். அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது காற்றில் உடைந்து, பளபளவென்று சாரலாக இறங்கியது. முக்கால்வாசி என் திறந்த வாய்க்குள் போனது. மிச்சம் அந்த அம்மாவின் கண்ணாடியில். அவர் என் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் இருமிக்கொண்டே சிரித்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே மகள் அந்த வீடியோவையும், மேலே ஓட்டை வழியாக என் மனைவி என்னை எடுத்த வீடியோவையும் இரண்டாவது மாடிப் பையனின் அம்மா போனுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்து, ஏறி, ஆரஞ்சுத் தோட்டம் தாண்டிய பிறகுதான் பதில் வந்தது. அவன் குரல்.

“ஓகே. ஆயில் பாக்ஸ்தான். எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்.” கூடவே ஒரு கேள்வி. “ஆனா உங்க அப்பா ஏன் வாயைத் திறந்துட்டு நின்னார்?”

அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பஸ் இருக்கையில் குதித்தாள்.

புஜைராவுக்குத் திரும்பினோம். பள்ளி திறந்தது. அவன் சொன்ன மாதிரியே எல்லாரிடமும் சொல்லியிருந்தான். வீடியோவையும் காட்டியிருந்தான். டாய்லெட் குவீன் அன்றோடு காலி. கலாஸ். ஆனால் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் இல்லாமல் இருக்க முடியாதே. அது என் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. டூட்டி முடிந்து, யூனிஃபார்மோடு வந்து நான் லிஃப்ட்டுக்கு நிற்பேன். கதவு திறக்கும். உள்ளே பில்டிங் பிள்ளைகள் அத்தனை பேரும் விளையாடி வியர்த்து நிற்பார்கள்.

“ஹாய் ஆயில் அங்கிள்! வாயைத் திறங்க!”

அந்தப் பையனின் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவது என் மகள்தான். நான் என்ன செய்வேன்? தலையை நிமிர்த்தி, லிஃப்ட்டின் கூரையைப் பார்த்து, வாயைத் திறந்துகொண்டு உள்ளே போவேன். எங்கள் மாடி வரும்வரை எவனும் சிரிப்பை நிறுத்த மாட்டான்.